சீழ்க்கட்டிக்குத் தேவை கீறல். கடை மாத்திரை அல்ல

புதுதில்லி: தொடையிலோ அக்குளிலோ திடீரெனச் சிவந்து, வீங்கி, சீழ் கோக்கும் கட்டியைப் பூச்சிக்கடி என எண்ணி, மருந்துக் கடையில் நான்கு மாத்திரை வாங்கி விழுங்குவது நாடெங்கும் உள்ள பழக்கம். ஆந்திர மாநிலம் வெதுருகுப்பம் போன்ற ஊரகப் பகுதிகளில் இதன் விளைவு கடுமையானது. மாத்திரை பலிக்காதபோது, எந்த மருந்து பலிக்கும் எனக் கண்டறிய சீழைப் பரிசோதிக்கும் வசதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் பொதுவாக இல்லை. திருப்பதிக்கோ வேலூருக்கோ செல்ல வேண்டும்.

இக்கட்டிகளுக்குப் பெரும்பாலும் காரணம், ஆரோக்கியமானவர்களிலும் ஏறத்தாழ மூவரில் ஒருவரது மூக்கில் தங்கியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமியே. மெதிசிலின் மருந்து 1959-ல் வந்தது. 1961-லேயே அதற்கு அடங்காத வகை பிரிட்டனில் தென்பட்டது. 'எம்.ஆர்.எஸ்.ஏ.' எனப்படும் அவ்வகை, பின்னர் மருத்துவமனைகளைத் தாண்டி ஊருக்குள்ளும் புகுந்தது. இந்தியாவில் 2008, 2009-ம் ஆண்டுகளில் 15 மையங்களில் நடந்த ஆய்வில், சேகரிக்கப்பட்ட ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமிகளில் 41 சதவீதம் இவ்வகையாக இருந்தது. இது மருத்துவமனைக் கணக்கு, ஊர்க்கணக்கு அல்ல. கடைகளில் கேட்டதும் கிடைக்கும் அமாக்சிசிலின், செபலெக்சின் ஆகியவை இதனிடம் எடுபடுவதில்லை.

முதல் சிகிச்சை, மருத்துவர் கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றுவதுதான். அமெரிக்காவில் அவ்வாறு சீழ் அகற்றப்பட்ட 1,200-க்கும் அதிகமானோரிடம் நடத்தப்பட்டு, 2016-ல் வெளியான ஆய்வில், போலி மாத்திரை பெற்றவர்களிலேயே சுமார் 74 சதவீதத்தினர் குணமடைந்தனர். கோ-டிரைமாக்சசோல் பெற்றவர்களில் இது சுமார் 81 சதவீதம். மருந்துக்கும் பங்கு உண்டு. ஆனால் எது, எத்தனை நாள் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். காய்ச்சல், பரவும் சிவப்பு, முகத்தில் கட்டி, நீரிழிவு ஆகியவை இருந்தால் தாமதம் ஆபத்து. கட்டியைக் கையால் பிதுக்குவதும் அப்படியே.

வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் தொற்றக்கூடும். புண்ணை மூடிவைப்பதும், துண்டு, சவர பிளேடு ஆகியவற்றைப் பகிராதிருப்பதும், சோப்பிட்டுக் கை கழுவுவதும் செலவில்லாத தடுப்பு முறைகள்.

மருந்துச் சீட்டின்றி ஆன்டிபயாடிக் விற்கச் சட்டத்தில் இடமில்லை. அட்டையில் சிவப்புக் கோடிட்ட மருந்துகளைத் தாமாக வாங்கி உட்கொள்ள வேண்டாம் என்று மத்திய அரசு 2016-ல் பிரசாரம் தொடங்கியது. தேசியச் செயல்திட்டம் 2017-ல் வந்தது. 2025-29-க்கான இரண்டாவது திட்டம் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டது. எனினும், கடைகளில் சோதனை நடத்துவது மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பொறுப்பு. கேரள அரசு சீட்டில்லா விற்பனையைப் பிடிக்க 2024 ஜனவரியில் 'ஆபரேஷன் அம்ருத்' என்ற பெயரில் திடீர் சோதனைகளைத் தொடங்கியது குறிப்பிடத்தக்கது.