பண்டிகை மாதத்தில் 20 நிமிட ஓட்டம்

சென்னை மராத்தான் வழக்கமாக ஜனவரித் தொடக்கத்தில் நடக்கிறது. பெயர் கொடுத்தவர்கள் தூரத்தைக் கூட்ட வேண்டிய மாதங்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. தீபாவளி, கார்த்திகை, கல்யாண முகூர்த்தங்கள், ஊர்ப் பயணம், வடகிழக்குப் பருவமழை என எல்லாம் வந்து குவிவதும் அப்போதுதான். ‘பண்டிகை முடியட்டும், பார்த்துக்கலாம்’ என்று ஷூவை ஓரங்கட்டிவிடுகிறவர்களே அதிகம். ஒரு மணி நேரம் கிடைக்காவிட்டால் ஓடிப் பயனில்லை என்று நினைக்கிறார்கள். அது தவறு என்று 40 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்துவிட்டது.

ஓட்டத்தை அடியோடு நிறுத்தினால் முதலில் குறைவது ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா. சில நாட்களிலேயே இது தொடங்கிவிடும். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் ரத்தம் குறைய, பழைய வேகத்தில் ஓடவே கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. நன்கு பயிற்சி பெற்றவர்களை ஓய்வில் இருக்கச் செய்து அமெரிக்க ஆய்வாளர் எட்வர்ட் காயில் குழுவினர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் 21 நாட்களில் 7 சதவீதமும், 56 நாட்களில் 16 சதவீதமும் சரிந்திருந்தது.

முழுதாக நிறுத்தாமல் குறைத்துக்கொண்டால்? சிகாகோவில் ராபர்ட் ஹிக்சன் 1980களில் இதைத்தான் சோதித்தார். வாரம் 6 நாள், நாளுக்கு 40 நிமிடம் என்று 10 வாரம் கடுமையாகப் பயிற்சி கொடுத்துவிட்டு, ஒரு குழுவுக்கு நாட்களை இரண்டாகக் குறைத்தார். இன்னொரு குழுவுக்கு நேரத்தை 13 நிமிடமாகக் குறைத்தார். 15 வாரம் கழித்தும் இரண்டு குழுவிலும் உச்சத் திறன் குறையவில்லை. ஆனால் பயிற்சியின் கடுமையைக் குறைத்துக்கொண்ட குழுவில் அது சரிந்தது. ஒரு குறை உண்டு: 13 நிமிடக்காரர்களுக்கு நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் திறன் ஓரளவு தேய்ந்தது. அதனால் மராத்தானுக்கு நீண்ட ஓட்டத்தை அறவே விட முடியாது. வாய்க்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கென ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

மற்ற நாட்களுக்கு 20 நிமிடம் போதும். 5 நிமிடம் மெதுவோட்டம்; பிறகு 2 நிமிடம் வேகம், 1 நிமிடம் நிதானம் என நான்கு முறை; கடைசி 3 நிமிடம் நடை. வேகம் சரிதானா என்று பார்க்க கடிகாரம் வேண்டாம். இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் பேச முடியாமல் மூச்சு வாங்கினால் சரி. பல மாதமாக ஓடிவருபவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும். புதிதாகத் தொடங்குபவர்கள் மெதுவாகவே ஓடட்டும்.

அந்த 20 நிமிடமும் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. முறுக்கு பிழிவது, வீடு கழுவுவது, விருந்தாளியைக் கவனிப்பது எல்லாம் பெண்கள் தலையில் விழும் வீட்டில், ஆண் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்புவது நியாயமில்லை. முறுக்கு அச்சை அவர் கொஞ்ச நேரம் வாங்கிக்கொண்டால் மனைவியும் ஓடிவிட்டு வரலாம்.

பட்டாசு, போகிப் புகை விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கும் நாம், வேகமாக ஓடும்போது 60 லிட்டருக்கு மேல் இழுக்கிறோம். அதுவும் வாய் வழியாக. மூக்கின் வடிகட்டல்கூட இல்லை. 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் நேரே நுரையீரலின் ஆழத்துக்குப் போய்விடும். இரவில் நிலம் குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிரும்போது புகை மேலெழாமல் தரையோடு தங்குகிறது. அதனால் தீபாவளிக்கு மறுநாள் விடியற்காலை, தெரு அமைதியாக இருந்தாலும், ஓட ஏற்ற நேரமல்ல. நல்ல மழை பெய்து துகள்களைக் கழுவிய பிறகு ஓடலாம். இல்லையென்றால் வெயில் ஏறி, காற்று வீசத் தொடங்கும்வரை பொறுக்க வேண்டும். போகி அன்றும் விடியலில் ஓடாமல், முந்தின நாளே ஓடி முடித்துவிடுவது நல்லது.