வீட்டிற்குக் கைப்பிடிச்சுவர்



கொச்சி மட்டாஞ்சேரியின் ஜூ டவுன் வீதி முடிவிலே, 1568-ஆம் ஆண்டு கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயம் நிற்கிறது. அங்கே வாழ்ந்த யூதரில் பெரும்பாலோர் 1948-க்குப் பின் இஸ்ரவேலுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களும் நாமும் வாசிக்கும் நியாயப்பிரமாணத்திலே, உபாகமம் 22:8, புதுவீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டுமென விதிக்கிறது. தவறினால், விழுந்தவனுடைய இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் சுமரும்.

2019 அக்டோபரில், மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில், இரண்டு வயதுக் குழந்தையொன்று கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து மரித்தது. நான்கு நாட்கள் தமிழகமே கண்ணீரோடு காத்திருந்தது. இத்தகைய கிணறுகளை நிரப்பி மூடவேண்டுமென உச்ச நீதிமன்றம் 2010-லேயே உத்தரவிட்டிருந்தது. ஜெபம் வேண்டும், மூடியும் வேண்டும்.

நகரத்து வாடகை வீட்டில் கிணறு இல்லாதிருக்கலாம். குளியலறையில் வாளி உண்டே! சில அங்குலத் தண்ணீரே தவழும் குழந்தையின் உயிரைப் பறிக்கப் போதுமானது. தலைகீழாய் விழுந்த பிள்ளையால் நிமிர முடியாது, கூப்பிடவும் முடியாது. ஆகையால் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். தண்ணீர்த் தொட்டிக்கு மூடியிடுங்கள். ஜன்னல், மாடிச்சுவர் ஓரத்தில் நாற்காலி, கட்டில் போடாதிருங்கள். மண்ணெண்ணெய், மருந்து, பூச்சிமருந்து ஆகியவற்றைப் பூட்டி வையுங்கள். ஆபத்து நேரிட்டால் தாமதியாமல் 108-ஐ அழையுங்கள்.

குடும்ப ஜெபத்தில் முழங்காற்படியிடும்போது நம் கண்கள் குழந்தையின் கண்மட்டத்திற்குத் தாழ்கின்றன. எழும்புமுன் வீட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அதன் கைக்கு எட்டுவதெல்லாம் அப்பொழுது தெரியும்.