மழையில் மானத்தை வாங்கும் வைப்பர்... நீங்களே சரிசெய்யலாம்!

ஊரிலிருந்து வரும் அம்மாவை அழைத்துவர, சூரமங்கலத்தில் இருக்கும் சேலம் ஜங்ஷனுக்கு காரில் கிளம்புகிறீர்கள். திடீர் மழை. வைப்பரைப் போட்டால் கண்ணாடி முழுக்கக் கோடு கோடாகச் சேறு. எதிரே வரும் பஸ்ஸின் வெளிச்சம் அதில் சிதற, ரோடே தெரியவில்லை!

கோடை முழுக்க வெயிலில் காய்ந்து ரப்பர் இறுகிப்போவதுதான் பெரும்பாலும் காரணம்.

கோடு விழுகிறதா? ரப்பர் விளிம்பை ஈரத்துணியால் துடையுங்கள். வெடித்திருந்தால் பிளேடை மாற்றுங்கள். மாற்றும்போது கண்ணாடிமேல் தடிமனான துணியை விரிப்பது நல்லது. வைப்பர் கை நழுவி அடித்தால் கண்ணாடி விரிசல் விடும்.

கிறீச் சத்தமா? எண்ணெய்ப் படலமாக இருக்கலாம். கார் ஷாம்பூ போட்டுக் கழுவுங்கள்.

ஒரு கை மட்டும் ஆடவில்லையா? அடியில் இருக்கும் நட்டு தளர்ந்திருக்கலாம்.

இரண்டும் அசையவில்லையா? மோட்டார் சத்தமும் இல்லையென்றால், முதலில் ஃபியூஸைப் பாருங்கள். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸையே போடவேண்டும். சத்தம் வந்தும் ஆடாவிட்டால் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

தண்ணீர் பீய்ச்சவில்லையா? தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், துளை அடைப்பை மெல்லிய ஊசியால் எடுங்கள்.

காய்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓட்டாதீர்கள். தூசி கீறிவிடும்.

கார் வைப்பருக்கு 1903-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பனி மூடும்போது அவருக்கு நன்றி சொல்லத் தோன்றும். வைப்பர் வேலை செய்தால்!