நொண்டிக் குதிரை சாக்குச் சொல்வதில்லை

‘நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு’ என்று ஒரு பழமொழி உண்டு. வேலைக்குச் சுணங்கிக் காரணம் தேடுகிறவரைக் குத்திக்காட்டச் சொல்வது. மனிதர்களுக்குப் பொருந்தலாம், குதிரைக்குப் பொருந்தாது. கூட்டத்தில் எது பின்தங்குகிறது என்று பார்த்து அதையே துரத்தும் வேட்டை விலங்குகளுக்கு நடுவே பிழைத்து வந்த இனம் அது. வலியைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பது அதன் பிறவிக் குணம். அது ஊரறியக் கெந்தத் தொடங்கும்போது நோவு பெரும்பாலும் பழையதாகியிருக்கும்.

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலை ஒட்டிய மணலில் வெயில் தாழ்ந்ததும் சவாரிக் குதிரைகள் வந்துவிடும். குழந்தையை ஏற்றி ஒரு படம், பிறகு ஒரு சுற்று. ஞாயிற்றுக்கிழமையும் பொங்கல் விடுமுறையும்தான் குதிரைக்காரருக்கு நாலு காசு பார்க்கிற நாட்கள். அன்றைக்குப் பார்த்துக் குதிரை ஒரு காலைத் தாங்கித் தாங்கி வைத்தால் அவர் என்ன செய்வார்? பத்து நாளில் ஆற வேண்டிய நொண்டல் வருடக்கணக்கில் இழுப்பதும் இழுக்காததும் இந்த இடத்தில்தான் முடிவாகிறது.

தலையைப் பார்த்தால் கால் தெரியும்

நொண்டல் ஒரு நோயல்ல, அறிகுறி. காய்ச்சலைப் போல. காரணம் குளம்பில் இருக்கலாம். தசைநாணில், மூட்டில், அபூர்வமாக முதுகிலும் இருக்கலாம். குதிரை தன் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை முன்கால்களில் தாங்குகிறது. அதனால் நொண்டலும் முன்கால்களில்தான் அதிகம். அதிலும் குளம்புக்கே முதல் சந்தேகம்.

கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, சமமான கெட்டித் தரையில் குதிரையைப் பெருநடையில் ஓடவிட வேண்டும். வலிக்கும் முன்கால் தரையில் ஊன்றும்போது தலை மேலே எழும்பும். நல்ல கால் ஊன்றும்போது கீழே இறங்கும். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, தலை இறங்கும் பக்கத்துக் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். பின்கால் என்றால் பின்னாலிருந்து இடுப்பைப் பார்க்க வேண்டும். வலிக்கும் பக்கத்து இடுப்பு அதிகமாக ஏறி இறங்கும். மணலில் இந்தச் சோதனை பலிக்காது. மெத்தென்ற தரை நொண்டலை மறைத்துவிடும்.

முகமும் காட்டிக்கொடுக்கும். 2014-இல் வெளியான ஓர் ஆய்வு குதிரையின் வலியை முகத்தில் அளக்க ஆறு அடையாளங்களைத் தொகுத்தது. பின்னோக்கி விறைத்த காதுகள், சுருங்கிய கண், கண்ணுக்கு மேல் இறுக்கம், புடைத்த தாடைத் தசை, இறுகிய வாய், விறைத்த நாசி. இவற்றில் இரண்டு மூன்று தெரிகிற குதிரையோடு நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் நம்மில் எத்தனை பேரோ!

நகமும் சதையும் பிரியும்போது

குதிரை நிற்பது நடுவிரலின் நுனியில். குளம்பு என்பது அந்த விரலின் நகம். அதற்குள்ளே கடைசி விரலெலும்பு தொங்குகிறது. நூற்றுக்கணக்கான மெல்லிய மடிப்புகள் அதை நகச்சுவரோடு கோத்துப் பிடித்திருக்கின்றன. பிரியாத உறவுக்கு நாம் நகமும் சதையும் என்போமே, அதேதான். அந்தப் பிடிப்பு அழன்று தளரும் நோய்தான் லேமினைடிஸ். முற்றினால் எலும்பு உள்ளேயே திரும்பும். அல்லது அடிப்பாதத்தை நோக்கி இறங்கும். 400 கிலோவுக்கு மேல் எடையுள்ள விலங்கு, பிய்ந்துகொண்டிருக்கும் நகத்தின் மேல் நிற்பதைக் கற்பனை செய்துகொள்ளலாம். அதனால்தான் இந்நோய் கண்ட குதிரை முன்கால்களை நீட்டி, பாரத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். குளம்பு சுடும். கணுவின் பின்பக்கத்தில் விரல் வைத்தால் நாடி துள்ளும்.

காரணம் பல நேரம் வாய் வழியாகவே வரும். தானிய மூட்டை அவிழ்ந்து கிடந்த இரவு, கொழுத்த உடம்பு, சர்க்கரையைச் சமாளிக்க முடியாத இன்சுலின் கோளாறு. ஈன்ற பெட்டைக்கு நஞ்சுக்கொடி உள்ளே தங்கிப்போனாலும் வரும். கெட்டித் தரையில் ஓயாத ஓட்டமும் காரணமாகலாம். கடற்கரையில் ஆளுக்கொரு பிஸ்கட், மிச்சமான சோறு, மாம்பழம் என்று அன்போடு ஊட்டுகிறவர்கள் இதை அறிந்திருக்க நியாயமில்லை. ‘கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடும்’ என்று குதிரையைக் கேலி செய்கிறோம். போதும் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. சொல்ல வேண்டியவர் லாயக்காரர்.

தொடக்க மணி நேரங்களில் குளம்பைக் கடுங்குளிரில் வைப்பது நல்ல பலன் தரும். கடலில் நிறுத்தினால் போதும் என்று நினைப்பது தப்பு. வங்கக் கடலின் மேல்நீர் ஆண்டின் பெரும்பகுதியில் 27 முதல் 30 டிகிரி வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். ஐஸ் வேண்டும். கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை மீனவக் குப்பங்களில் மீனுக்கு வந்திறங்கும் ஐஸ் கட்டிகள் இதற்குக் கைகொடுக்கும். உடைத்துத் தண்ணீரில் போட்டு, கணுவுக்கு மேல் வரை முங்கும்படி, ஓரிரு மணி நேரமல்ல, மருத்துவர் சொல்லும்வரை நாள்கணக்கில்.

மார்கோ போலோ கண்ட சோறு

இந்தக் கடற்கரைக்குக் குதிரை வந்தேறி விலங்கு. சங்க காலத்திலேயே கப்பலில் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை பதிவு செய்திருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைப் பார்த்த மார்கோ போலோ, அரசர் ஆண்டுதோறும் 2,000-க்கு மேல் குதிரைகள் வாங்குவதாகவும் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதினார். பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை. லாடம் அடிப்பவர் இல்லை. குதிரை விற்ற வணிகர்கள் அத்தகைய ஆட்களை இங்கே வரவிடுவதும் இல்லை, வந்தால் வியாபாரம் படுத்துவிடுமே என்று. குதிரைக்கு இறைச்சியோடு வேகவைத்த அரிசிச் சோறு போட்டதையும், உயர்சாதிக் குதிரைகளுக்கும் கோணல்கால் குட்டிகளே பிறந்ததையும் அவர் குறித்திருக்கிறார். பயணிகளின் கணக்கில் கொஞ்சம் உப்பு காரம் தூக்கலாகவே இருக்கும். ஆனாலும் தீனி, தட்பவெப்பம், குளம்புக்கு ஆள் இல்லாமை என்ற மூன்றையும் அவர் சரியாகவே பிடித்துவிட்டார் என்று தோன்றுகிறது.

மூன்றாவது குறை இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் செதுக்கிச் சமன்செய்ய வேண்டும். மாட்டுக்கு லாடம் அடிக்கும் கை வேறு, குதிரைக்கு வேறு. செங்கல்பட்டுச் சுற்றுவட்டாரத்தில் பின்னதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நுனி நீண்டு குதிகால் தாழ்ந்த குளம்பு, ஒவ்வோர் அடியிலும் பின்தசைநாணைக் கூடுதலாக இழுக்கும்.

மணல், தார், ஆணி

உலர்ந்த ஆழ மணலில் குதிரை ஓடுவது படத்துக்கு அழகு. காலுக்கு அல்ல. குளம்பு புதையப் புதையத் தசை சீக்கிரம் களைக்கும். களைத்த தசை விட்டுக்கொடுக்க, முன்காலின் பின்புறத் தசைநாண் அளவுக்கு மேல் நீளும். கிழிந்த தசைநாண் ஆறப் பெரும்பாலும் 9 முதல் 12 மாதம். ஆறிய பிறகும் அது பழைய தசைநாண் அல்ல. தழும்புத் திசு போட்ட ஒட்டு. அலை நனைத்த இறுகிய மணல் பரவாயில்லை, ஆனால் கரை சரிந்திருப்பதால் ஒரே பக்கமாக நடத்தக் கூடாது. லாயத்திலிருந்து கரைக்கு வரும் தார்ச்சாலை வேறுவிதம்: அங்கே மூட்டுக்கு அதிர்ச்சி.

ஐப்பசி, கார்த்திகை மழையில் லாயத்தில் ஈரமும் சாணமும் சேர்ந்தால் குளம்பின் அடியிலுள்ள முக்கோண மெத்தை அழுகி நாறும். சித்திரை வெயிலில் சுவர் வெடிக்கும். இரண்டும் தினமும் குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்கிறவர் கண்ணுக்குத் தப்பாது.

ஆணியும் உடைந்த பாட்டிலும் தூண்டில் முள்ளும் கிடக்கும் கரையில் இன்னோர் ஆபத்து: இரணஜன்னி. டெட்டனஸ் நஞ்சுக்குக் குதிரையைப் போல எளிதில் பலியாகும் வளர்ப்பு விலங்கு வேறில்லை. தடுப்பூசி தவறக் கூடாது. அடிப்பாதத்தில் ஆணி ஏறியிருந்தால் அவசரப்பட்டுப் பிடுங்காமல், மேலும் உள்ளே இறங்காதபடி காலைக் காத்து மருத்துவரை அழைப்பது நல்லது. எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் என்று எக்ஸ்ரேயில் பார்க்க அந்த ஆணிதான் தடயம். கால்நடை ஆம்புலன்சுக்கு எண் 1962. பெரிய சிகிச்சைக்கு, 1903-இல் தொடங்கிய வேப்பேரி சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

நல்ல காலின் கதை

ஒரு கால் ஒடிந்தால் மற்ற மூன்று இருக்கிறதே என்று தோன்றும். 2006 மே மாதம் அமெரிக்காவின் ப்ரீக்னஸ் பந்தயத்தில் பார்பரோ என்ற குதிரையின் வலது பின்கால் நொறுங்கியது. பென்சில்வேனியாவில் தகடும் 27 திருகாணிகளும் வைத்துக் காலைக் கட்டினார்கள். எலும்பு கூடியது. ஆனால் பாரம் முழுவதும் சுமந்த இடது பின்காலில் லேமினைடிஸ் வந்தது. எட்டு மாதப் போராட்டத்துக்குப் பின் 2007 ஜனவரி 29 அன்று பார்பரோவைக் கருணைக்கொலை செய்தார்கள்.

நம் நாட்டில் சக்திமானைப் பலருக்கு நினைவிருக்கும். உத்தராகண்ட் காவல்துறையின் வெள்ளைக் குதிரை. 2016 மார்ச் 14 அன்று டேராடூனில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் பின்கால் ஒடிந்தது. காலை எடுத்துச் செயற்கைக் கால் பொருத்தினார்கள். ஏப்ரல் 20 அன்று இறந்துபோனது.

அப்படியானால் செயற்கைக் காலே வீணா? அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சில் கத்ரினா புயலில் தப்பிய மோலி என்ற மட்டக்குதிரை, நாய் கடித்துக் குதறியதில் முன்கால் ஒன்றை 2006-இல் இழந்தது. செயற்கைக் காலோடு அது பல ஆண்டு வாழ்ந்தது. சிறிய உடம்பு; வலித்தால் படுத்துக்கொள்ளும், நின்றால் பாரத்தை மாற்றி மாற்றி வைக்கும். தன்னைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரிந்த நோயாளி. உடல் எடையும் குணமும் மருத்துவத்தில் பாதி என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஒரு காலுக்குச் சிகிச்சை நடக்கும்போது எதிர்க்காலுக்கும் கட்டு, மணல் படுக்கை, தினசரிச் சோதனை வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதும் இதனால்தான்.

ஆறும் காலம்

ஓய்வு என்றால் கட்டிப்போடுவது என்று அர்த்தமில்லை. தசைநாண் காயத்தில் ஆரம்ப வீக்கம் தணிந்ததும், கையில் பிடித்து ஐந்து பத்து நிமிடம் நேர்கோட்டில் நடத்துவதில் தொடங்கி, வாரக்கணக்கில் நேரத்தைக் கூட்டுவார்கள். அளவான இழுவிசை இருந்தால்தான் புதிய நார்கள் ஒரே திசையில் அடுக்கப்படும். ஆறியதா என்பதை நடையை வைத்து முடிவு செய்யாமல் அல்ட்ராசவுண்டில் பார்ப்பது நல்லது. வலி போவது முதலில். வலு வருவது கடைசியில். நடுவிலுள்ள மாதங்களில்தான் குதிரையைத் திரும்பவும் மணலுக்கு ஓட்டிக்கொண்டு போகிறார்கள்.

வலிமாத்திரையின் சங்கடமும் இதுவே. வலியை அடக்கினால் குதிரை காயத்தின் மேலேயே ஓடும். பினைல்பூட்டசோன் போன்றவை அளவு மீறினால் குடற்புண், சிறுநீரகக் கேடு. மருந்துக் கடைகளில் கேட்டு வாங்கும் பழக்கம் வேறு ஆபத்து: கழுகுகளைக் கொன்ற டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைகளுக்குத் தயாரிக்க 2006-இலேயே இந்தியா தடை போட்டது, கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டும் 2023-இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தன.

தனியாகக் கட்டிய குதிரை மனசாலும் நோகும். கூட்ட விலங்கு அது. கண்ணில் படும் தூரத்தில் இன்னொரு குதிரை, இல்லாவிட்டால் ஓர் ஆடாவது, கூடவே நாள் முழுக்க மென்றுகொண்டிருக்கக் காய்ந்த புல். இவை இருந்தால் பலகையைக் கடிப்பதும் நின்ற இடத்தில் ஆடிக்கொண்டே இருப்பதும் குறையும். படுக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும். நின்றபடி கண்ணயரும், ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுத்தே ஆக வேண்டும். எழ முடியாது என்று பயந்து படுக்காத குதிரை நாளடைவில் தூங்காமலே தளரும்.

முழுதாகத் தேறாத குதிரைகளும் உண்டு. தேய்ந்த மூட்டு திரும்ப வளராது. எடையைக் குறைத்து, குளம்பைச் சீராக வைத்து, மெத்தென்ற தரையில் லேசான நடையோடு அவை வருடக்கணக்கில் வாழும், சுமைக்குத்தான் லாயக்கில்லை. நோயோ முதுமையோ கண்ட விலங்கை வேலை வாங்குவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 1965-ஆம் ஆண்டு விதிகள் மட்டக்குதிரையின் முதுகுச் சுமைக்கு 70 கிலோ என்று வரம்பு வைத்தன. நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் நண்பகல் 12 முதல் 3 வரை வேலையே கூடாது. செங்கல்பட்டுக் கத்திரி வெயிலில் அந்த வரம்பைத் தாண்டாத நாள் குறைவு.

குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குள்தான் வளரும். நோய் வந்த மாதம் அதன் சுவரில் ஒரு வளையமாகப் பதிந்துவிடும். சித்திரையில் தோலும் குளம்பும் சேரும் விளிம்பில் தெரிந்த வளையம், மெல்ல மெல்லக் கீழிறங்கி, மாசி வாக்கில் லாடம் அடிப்பவரின் அரத்துக்கு எட்டும்.