ஒன்றரை ஷிப்ட்டுக் கணக்கு

டீயைக் குடி கண்ணு, உன் கூலிக் கணக்கை மெதுவாகப் பார்ப்போம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் மணிக்கணக்கு பேசுகிறவர்கள் குறைவு, ஷிப்ட்டுக் கணக்குத்தான். காலை எட்டரைக்கு உட்கார்ந்து சாயங்காலம் ஐந்தரைக்கு எழுந்தால் ஒரு ஷிப்ட். அதற்கு மேல் ராத்திரியில் இன்னும் நாலு மணி நேரம் ஓட்டினால் ஒன்றரை. ஷிப்மென்ட் நெருக்கினால் நடுராத்திரியும் தாண்டும், அது இரண்டு.

இடைவேளை போக எட்டு மணி நேரத்துக்கு ஒரு கூலி, கூடுதல் நாலு மணி நேரத்துக்கு அரைக் கூலி. கேட்கச் சரியாக இருக்கும். ஆனால் வாரம் 48 மணிக்கு மேல் செய்கிற வேலைக்கு இரட்டிப்புக் கூலி தர வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம். 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்திலும் இரட்டிப்பு இருக்கிறது. ஆறு நாளும் 12 மணி என்றால் 72 மணி. முதல் 48க்கு ஆறு ஷிப்ட் கூலி. மிச்சம் 24 மணி இரட்டிப்பானால் இன்னொரு ஆறு. பன்னிரண்டு வரவேண்டிய இடத்தில் உன் கைக்கு வருவது ஒன்பது. வாராவாரம் மூன்று நாள் கூலி போகிறது.

இரட்டிப்பு என்று வைத்ததே, கூடுதல் நேரம் முதலாளிக்குக் கட்டுப்படியாகாமல் இன்னொரு ஆளை வேலைக்கு எடுக்கட்டும் என்றுதான். ஒன்றரைக் கணக்கில் அந்தத் தடுப்பே இல்லாமல் போகிறது. 2023 ஏப்ரலில் 12 மணி வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டசபையில் நிறைவேறியதும் எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். இங்கே அந்த 12 மணி எப்போதோ பழகிப்போய்விட்டது. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

பணத்தை விடு, விரலைப் பார். ஓவர்லாக் மெஷின் நிமிஷத்துக்கு ஐயாயிரம் தையலுக்கு மேல் ஓடக்கூடியது. ஊசிக்கும் விரலுக்கும் நடுவே இருப்பது உன் கவனம் ஒன்றுதான். பதினேழு மணி நேரம் விழித்திருந்தவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் கவனத்துக்குத்தான் சமம் என்று 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். நம் ஊரில் வண்டி ஓட்ட அனுமதித்த அளவு 0.03. காலை ஐந்துக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு வருகிற பெண்ணுக்கு ராத்திரி பத்தோடு பதினேழு முடிகிறது. அதற்கு மேலும் இரண்டாவது ஷிப்ட்டுக்கு மெஷினில் உட்கார வைக்கிறார்கள்.

இடைவேளையும் அந்தக் கவனத்துக்காகத்தான். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் வேலை வாங்கக் கூடாது, அரைமணியாவது ஓய்வு வேண்டும் என்றது அந்த 1948 சட்டம். ஐந்து மணி நேரம்கூட அதிகம் என்பது என் எண்ணம். பாத்ரூம் போக எழுந்தால் சூப்பர்வைசர் முறைப்பார் என்று தண்ணீரே குடிக்காமல் இருக்கிற பெண்கள் எத்தனை பேர்! நீ அப்படி இருக்காதே.

ஏற்றுமதிக் கம்பெனியில் ஊசி உடைந்தால் துண்டுகளைத் தேடி எடுத்து, தாளில் ஒட்டி, நோட்டில் எழுதிய பிறகுதான் புது ஊசி தருவார்கள். துணிக்குள் இரும்பு போய்விடக் கூடாதே. உன் விரலில் ஏறினாலும் அதே மாதிரி எழுதச் சொல். பிளாஸ்டர் ஒட்டித் திரும்ப உட்கார வைத்தால் ஒத்துக்கொள்ளாதே. விபத்துப் பதிவேட்டில் ஏறட்டும், ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போ. வேலையில் பட்ட காயம் என்று பதிவானால், டாக்டர் எழுதித் தருகிற ஓய்வு நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதம் ஈ.எஸ்.ஐ. தரும்.

இன்றைக்கே ஒரு சின்ன நோட்டு வாங்கு. உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், கை நனைத்த நேரம், தேதி போட்டு தினமும் எழுது. கம்பெனிக்குக் கொண்டுபோகாதே, வீட்டிலேயே இருக்கட்டும்.