கோபுரமும் அருவியும்

தென்காசி காசி விசுவநாதர் கோயிலை கி.பி. 1446இல் கட்டத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இக்கோயிலுக்கு ஊறு நேருமாயின் அதனைச் சீர்செய்வோர் எவராயினும் அவரைப் பணிவதாகக் கல்லில் பொறித்து வைத்தான். அவன் அச்சம் பொய்க்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் சிதைந்த இராசகோபுரம் நெடுங்காலம் மொட்டையாகவே நின்று, 1990இல்தான் மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்டது.

கோபுரம் இடிந்தால் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்; நீர் கெட்டால் எளிதில் தெரிவதில்லை. குற்றாலத்தில் விழும் நீர் சிற்றாறாகித் தென்காசியைக் கடந்து, அணைக்கட்டுகளால் வாய்க்கால்களில் திரும்பிக் குளங்களை நிரப்புகிறது. எஞ்சியது சீவலப்பேரியருகே தாமிரபரணியில் கலக்கிறது. சாரல் காலத்தில், தடை இருந்தும் அருவியில் கரைக்கப்படும் எண்ணெயும் சோப்பும், எறியப்படும் பிளாஸ்டிக் பைகளும் அவ்வழியேதான் செல்கின்றன. நீராட வந்தவர் ஊர் திரும்பிவிடுவர். அந்நீரில் நாற்று நடும் உழவரும், பீடி சுற்றிப் பிழைக்கும் ஏழைக் குடும்பங்களும், நானும் இங்கேயே வாழ வேண்டியவர்கள்.

சாரலால் பிழைக்கும் கடைக்காரரையோ, வரும் விருந்தினரையோ பழிப்பது என் நோக்கமன்று. குளிப்பவர் கண்ணுக்குக் குளம் தெரிவதில்லை என்பதே குறை. அதனைத் தெரியச் செய்வது உள்ளூராரின் கடமை.

2019இல் தென்காசி தனி மாவட்டமாயிற்று. இனி நம் குறைகளைக் கேட்க ஆட்சியர் அலுவலகம் அருகிலேயே இருக்கிறது. மாணவத் தோழர்களே, சாரல் முடிந்ததும் ஒருநாள் சிற்றாற்றின் அணைக்கட்டொன்றில் கூடுவோம். அங்கே ஒதுங்கிய குப்பையை அள்ளி, எடைபோட்டு, அக்கணக்கை ஆட்சியரிடம் ஆண்டுதோறும் அளிப்போம். பெருமை பேசுவதினும் அது பெரும்பணியன்றோ!