பந்தயத்தில் சமநீதி

சிவகங்கை, தூத்துக்குடிச் சீமைகளின் மாட்டுவண்டிப் பந்தயக்காரர், பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று காளைகளைத் தரம் பிரித்து, சிறியவற்றுக்குத் தூரத்தையும் குறைத்து வைத்திருப்பது எத்துணை விவேகமான ஏற்பாடு!

கூம்புகளுக்கிடையே ஒவ்வொரு காராகத் தனித்தோடி, விநாடிக் கணக்கில் ஜயாபஜயம் நிர்ணயமாகும் ஆட்டோகிராஸ் என்னும் பந்தயத்திலும், எஞ்சினின் கன அளவைக் கொண்டு வகுப்புகள் வகுக்கிறார்கள். அஃது ஒன்றே போதாது. 800 சிசி கார்கள் இரண்டு ஓடினாலும், பின் இருக்கைகளைக் கழற்றி எடையைக் குறைத்து, தரையைக் கவ்விப் பிடிக்கும் மிருதுவான டயர் பூட்டியவர், அலுவலகத்துக்கு ஓட்டும் காரையே கொண்டுவந்த எளியவரை வளைவுகளிலேயே வென்றுவிடுவார்.

ஆகையால் பந்தயம் நடத்தும் அன்பர்கள், எடையையும் டயரையும் பரிசீலித்து, மாற்றமேதும் செய்யாத கார்களுக்கெனத் தனி வகுப்பொன்றை அவசியம் ஒதுக்க வேண்டுகிறோம்.